வாசலில் குவிந்த செருப்புகள்

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் பதிகம் ஓத என்னை அழைத்திருந்தார்கள். திருவள்ளூரிலிருந்து நானும் என் மனைவியும் கல்லூரி அனுப்பிய காரில் போனோம்.

நீரிழிவு முற்றிய பின் அவளுக்கு உள்ளங்கால்கள் இரண்டிலும் உணர்ச்சி கிடையாது. முள் தைத்தாலும் தெரியாது. யாரேனும் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. முந்தைய ஆண்டு வலக்காலில் ஒரு சிறு புண்ணாகத் தொடங்கியது, கடைசியில் விரல் ஒன்றை எடுப்பதில் முடிந்தது. இன்னொரு புண் வந்தால் பாதத்தைக் காப்பாற்றுவது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று முதல் மருத்துவமனையில் கொடுத்த மெத்தென்ற செருப்பு இல்லாமல் அவள் வீட்டுக்குள்ளும் நடப்பதில்லை.

அரங்கு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறிப் போனோம். மேடையில் இறைவனின் படத்தை வைத்துக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். விளக்கு எரியும் இடத்தில் செருப்போடு நுழைய யாருக்கும் மனம் வராது. மாணவர்கள் அத்தனை பேரும் கதவுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். அவளும் கழற்றினாள். நான் தயங்கியதைப் பார்த்து, "உள்ள கம்பளம் போட்டுக்கீறாங்க. இங்க இன்னா குத்தப் போவுது?" என்றாள்.

மூன்றாம் பதிகத்தின் நடுவில், நான் ஓதும் அடியை மாணவர்கள் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தபோது அபாய மணி அலறியது. ஒருவரும் அசையவில்லை. அந்த வட்டாரத்தில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். முன்வரிசையில் இருந்த மாணவி, பக்கத்தில் இருந்தவளிடம், "கம்பெனி சங்குடி, நீ பாடு" என்றது எனக்கே கேட்டது. நானும் அடுத்த அடியைத் தொடர்ந்தேன்.

விழாவை ஏற்பாடு செய்திருந்த வேதியியல் பேராசிரியை மட்டும் எழுந்து வெளியே போனார். உடனே திரும்பி வந்து என் முன்னிருந்த மைக்கைக் கையில் எடுத்தார்.

"மன்னிக்கணும் ஐயா. எல்லாரும் எழுந்திருங்க. கீழ பேட்டரி ரூம்ல நெருப்பு. முன்பக்கப் படியில புகை ஏறுது, அந்தப் பக்கம் போவாதீங்க. பின்பக்கப் படியில எறங்குங்க. பை, லேப்டாப் எதுவும் எடுக்க வேணாம். ஓடக் கூடாது."

பாதிப் பதிகத்தோடு எழுந்தேன். மேடையருகே நின்ற பெண் ஒருத்தி பூவால் விளக்கைக் குளிரவைத்தாள். எல்லோரும் ஒழுங்காகத்தான் எழுந்து நடந்தார்கள். ஆனால் கதவருகே போனதும் வரிசை நின்றுவிட்டது. யாரும் அஞ்சி முண்டியடிக்கவில்லை. ஒவ்வொருவரும் குனிந்து தத்தம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒரு காலில் ஷூவோடு நின்று மறுகாலுக்குரியதைத் துழாவினான்.

"ஏய், செருப்பு தேடாதீங்க! அது மேலயே மிதிச்சிக்கினு போங்க!" என்று பேராசிரியை கத்தினார்.

"புது ஷூ மேடம். எங்க அண்ணன் போன வாரந்தான் வாங்கிக் குடுத்துச்சு."

"நீ முழுசா வூட்டுக்குப் போனா உங்கண்ணன் இன்னொன்னு வாங்கித் தருவான். நடடா!"

அவன் நடந்தான். வரிசை மறுபடி நகர்ந்தது. எங்கள் முறை வந்தபோது நானும் குனிந்தேன். அவளுடைய செருப்பு அந்தக் குவியலின் அடியில் எங்கோ கிடந்தது. கைக்கு அகப்படவில்லை.

"ஐயா, நீங்களுமா? பின்னாடி புள்ளைங்க நிக்குது பாருங்க."

"இவங்களுக்குக் கால்ல உணர்ச்சி இல்லம்மா. வெறுங்கால்ல எறங்கி எதையாவது மிதிச்சா, காலையே எடுக்கணும்."

அவர் குவியலைச் சுற்றிப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த பெரிய ஷூ ஒரு ஜோடியை எடுத்து எங்களைச் சுவரோரம் ஒதுக்கினார். மற்றவர்கள் எங்களைக் கடந்து போக வழி கிடைத்தது.

"அடுத்தவங்களோடதும்மா" என்று என் மனைவி கூசினாள்.

"போட்டுக்குங்கம்மா. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

முழங்காலை மடக்கி உட்கார்ந்து நாடாவை இறுக்கிக் கட்டினேன். எழுந்ததும், வந்த வழியின் நினைவில் லிஃப்ட் இருந்த பக்கம் திரும்பினேன்.

"லிஃப்ட் வேணாம்யா. கரண்டு போச்சுன்னா புகைக்கு நடுவுல உள்ளயே மாட்டிக்குவீங்க. படிதான். மெதுவா வாங்க, நான் பின்னாடியே வரேன்."

அரங்குக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்து, எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கதவைச் சாத்தினார். படிக்கட்டின் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. திறந்தார்.

அவள் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தோளையும் பற்றிக்கொண்டாள். படி எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவள் கால் வைக்க முடியும். முதல் மாடித் திருப்பத்தில் தீயணைப்புக் கருவி இருந்த பெட்டியின் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். சில்லுகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. எங்களுக்கு முன்னால் வெறுங்காலோடு சென்ற மாணவர்கள் சுவரை ஒட்டி நுனிக்காலில் தாண்டினார்கள். அப்படியும் இருவருக்குக் காலில் வெட்டு. அவளால் நுனிக்காலில் நிற்க முடியாது. வெறுங்காலோடு நான் சுவரோரம் ஒதுங்க, அவள் நடுவில்தான் நடந்தாள். ஷூவுக்கு அடியில் கண்ணாடி நொறுங்கும் ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

விளையாட்டுத் திடலில் வகுப்பு வகுப்பாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். எல்லோரும் இறங்கியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. பேட்டரி அறையோடு நெருப்பு அடங்கிற்று. இவற்றையெல்லாம் பிறகு பிறர் சொல்லித்தான் அறிந்தேன். அப்போது நான் அவளை ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்காரவைத்து, மண்ணில் அமர்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளைங்கல்லாம் பாக்குதுங்க. வூட்ல போய்ப் பாத்துக்கலாம், காலை வுடுங்க."

"கம்முனு இரு."

இறைவன் திருவடியைப் பாடிய அடிகள் என் நாவில் எப்போதும் இருக்கும். அப்போது ஒன்றும் வரவில்லை. வலக்காலை மடியில் வைத்து, துண்டை நனைத்துத் துடைத்தேன். குதிகாலைப் பார்த்தேன். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். விரல் எடுத்த இடத்தின் தழும்பைத் தடவினேன். துண்டில் அழுக்குதான் இருந்தது, இரத்தம் இல்லை.

அவள் திடலின் மறுபக்கம் பார்த்தபடியே, "இன்னா, கீறல் கீது?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

அவள் திரும்பித் துண்டைப் பார்த்தாள். பிறகு அடுத்த காலைத் தானே தூக்கி என் மடியில் வைத்தாள்.