வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

எனக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. இப்போது இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்போது பெரம்பலூரில் பிரவுசிங் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள். நான் ஃபிளாப்பியும் கையுமாகப் போய், நோட்பேடில் எச்டிஎம்எல் அடித்து, இலவசமாக இடம் கொடுத்த ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு வருவேன்.

அதில் என்ன இருந்தது? மாவட்ட நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்களைப் பற்றி நாலு வரி. கல்லங்குறிச்சி, அரியலூர்ப் பக்கம் திருவிழாக்களில் பார்த்த நாடகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக. ராஜபார்ட்டுக்குத் தொண்டை எந்தப் பாட்டில் கட்டியது, ஆர்மோனியக்காரர் யாரைப் பார்த்து முறைத்தார் என்று ஒன்று விடாமல் எழுதுவேன். எல்லா மிஷினிலும் தமிழ் ஃபாண்ட் இருக்காது என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பேன். அடியில் ஒரு கெஸ்ட்புக் வைத்திருந்தேன். எப்போதாவது யாராவது வந்து 'நைஸ்' என்று எழுதிவிட்டுப் போனால் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

இன்னொரு கிறுக்கும் இருந்தது. எழுந்து போகும்போது ஹிஸ்டரி, குக்கீ எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் போவேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது துப்பட்டாவால் கீபோர்டை மூடிக்கொள்வேன். சென்டர் வைத்திருந்த அண்ணன் வாய் ஓயாமல் கேலி செய்வார்.

"என்னம்மா, அணுகுண்டு ரகசியமா?"

"உங்க வேலையப் பாருங்கண்ணே."

ரகசியம் பெரிதா சின்னதா என்பதா பேச்சு? என்னுடையது என்னுடையது, அவ்வளவுதான்.

இந்தக் கிறுக்கு ஒருநாள் என் சிநேகிதிக்குப் பயன்பட்டது. கல்லூரியில் மூன்று வருஷமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். படிப்பு முடிந்ததும் லப்பைக்குடிக்காட்டில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை. கல்யாணம் முடிந்து ஒரு மாசத்தில் லீவு தீர்ந்து திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வாய்ஸ் சாட். அவர் அங்கே உட்கார, இங்கே மொத்தக் குடும்பமும் பஸ் ஏறி பெரம்பலூருக்கு வந்துவிடும். ஒரே கேபினுக்குள் மாமியார், கொழுந்தன், நாத்தனார், நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள். ஹெட்போன் ஆள் மாறி ஆள் மாறி, நேரம் முடிகிற சமயத்தில்தான் இவள் தலைக்கு வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ம். நீ?"

"ம்."

அவ்வளவுதான் குடித்தனம். மெயில் அனுப்பலாமே என்றால், வீட்டுக்கே ஒரு ஐடி. அதன் பாஸ்வேர்ட் கொழுந்தனுக்குத் தெரியும், சென்டர் அண்ணனுக்கும் தெரியும். வருகிற மெயிலை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் வீட்டில் சத்தமாக வாசிப்பதுதான் அங்கே வழக்கம். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லார் எதிர்லயும் என்னத்தடி பேசறது? ஒரே ஒரு தடவ, யாருக்கும் கேக்காம அவர்கிட்டப் பேசணும்டி" என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

தனியாக ஒரு ஐடி திறந்தால் சந்தேகம் வரும். யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தேன். என் பக்கத்தின் பின்னணி வெள்ளை. நாடகக் கட்டுரைக்குக் கீழே எழுத்தின் நிறத்தையும் வெள்ளையாக வைத்துவிட்டேன். சும்மா பார்த்தால் வெற்றிடம். மௌஸை அழுத்தி அதன்மேல் இழுத்தால் நீலப் பட்டை விழும், அதற்குள் எழுத்து தெரியும். எவனுக்கும் சொல்லாத என் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்து, மற்றவர்கள் ஹெட்போனில் பேசி முடிக்கும் வரை பக்கத்து கேபினில் உட்கார்ந்து எழுதவும் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அவள் ஹெட்போனில், "என் சிநேகிதி பேஜ்ல கீழ வெள்ளையா இருக்குல்ல, அங்க மௌச வெச்சு இழுங்க" என்றாள். ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று மாமியார் கொட்டாவி விட்டார். மனுஷனுக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. ஏறிய பிறகு கெஸ்ட்புக்கில் 'நைஸ் பேஜ், சிஸ்டர்' என்று வந்தது. அதன் கீழே, அவள் எழுதிக் காட்டியிருந்தபடியே, ஒரு முழத்துக்கு வெள்ளை.

நான் அதை இழுத்துப் பார்க்கவில்லை. சத்தியமாக இல்லை. கை அரிக்காமல் இருந்ததா? அரித்தது. வாராவாரம் அந்த வெள்ளை நீண்டுகொண்டே போனது, அவள் முகமும் தெளிந்துகொண்டே வந்தது.

வினை பிரிண்டர் வழியாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் லைனுக்கு வரத் தாமதமானது. அதற்குள் இவள் என் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். என்ன அது என்று மாமியார் கேட்டதற்கு, நாடகக் கதை என்று சொல்லியிருக்கிறாள். மாமியாருக்கு நாடகம் என்றால் உயிர்.

"தம்பி, இத ஒரு காப்பி போடுப்பா. வூட்டுக்குப் போயி இவள வாசிக்கச் சொல்லிக் கேக்கறேன்."

அண்ணன் எந்தப் பக்கத்தையும் அப்படியே பிரிண்ட் போட மாட்டார், மை வீணாகும் என்பார். மொத்தத்தையும் செலக்ட் செய்து நோட்பேடில் போட்டுப் பொடி எழுத்தாக்கித்தான் போடுவார். நான் பக்கத்து கேபினிலிருந்து பதறி எழுவதற்குள் கன்ட்ரோல்-ஏ அடித்துவிட்டார். பக்கம் பூராவும் நீலம். நாங்கள் மறைத்ததெல்லாம் பளிச்சென்று நின்றது.

"அட, இது என்ன கீழ?" என்று எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார் மனுஷன். "உங்க சட்ட... ஒண்ண... தொவைக்காம... வெச்சிருக்கேன்..."

அதற்குமேல் அவருக்கே புரிந்துபோய் வாயை மூடிக்கொண்டார். கொழுந்தன் சுவரைப் பார்த்தான். என் சிநேகிதிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "மூடுங்கண்ணே அத!" என்று நான் கத்திய கத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாமியார் முன்னால் குனிந்தார். அந்த நீலத்தையே பார்த்தார். போச்சு, இனிமேல் இவளை வாசல்படி தாண்ட விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

"எங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர்ல இருந்தப்ப," என்றார் மாமியார், மருமகளைப் பார்க்காமலே, "வர்ற கடுதாசியெல்லாம் எங் கொழுந்தனார்தான் வாசிப்பாரு. பதிலும் அவர்தான் எழுதுவாரு. நான் என்னத்தச் சொல்லி எழுதச் சொல்ல? எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுவேன். கடைசி வரைக்கும் அதான் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து மாப்பிள்ளை லைனுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் ஹெட்போனுக்குப் பாய்ந்தன. மாமியார் இரண்டின் கையையும் பிடித்து இழுத்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க. அவ பேசட்டும்."

கதவைச் சாத்தி, பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். அது பிளைவுட் தடுப்பு, மூச்சு விட்டாலே வெளியே கேட்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"தம்பி, அந்தப் பாட்டு டப்பாவச் சத்தமா வைப்பா. இன்னும் சத்தமா."

சென்டரே அதிர்ந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளை நீளவில்லை. தேவைப்படவில்லை. சில வருஷத்தில் இலவச தளத்துக்காரர்கள் கடையை மூடப்போவதாக அறிவித்ததும் பக்கத்தை அப்படியே ஒரு சிடியில் எடுத்து வைத்தேன். அவரும் துபாயை விட்டு வந்து ஊரில் கடை போட்டுவிட்டார். ஒருநாள் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். வந்த நேரத்திலிருந்து பஸ்ஸில் ஜன்னல் சீட் யாருக்கு என்று சண்டை.

பேச்சுவாக்கில் சிடியைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் சீட் சண்டை அங்கேயே நின்றது.

"நீ படிச்சியாடி?" என்றாள்.

"இல்லடி."

"படிச்சிருந்தா நீயாச்சும் என்னன்னு சொல்லுவ. என்னல்லாம் எழுதினேன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும்தான்" என்றார்.

உள்ளே அழைத்துப்போய் கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தைத் திறந்து, மௌஸை அவள் கையில் கொடுத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்தேன். "காது செவிடாயிடுச்சாடி?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் கேட்டார். ஆமாக்கா என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.