பவுடரும் ஆசிட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசித் தட்டும் கழுவிக் கவிழ்த்தானதும் சமையல்கட்டு ரெஜினாவின் கைக்கு வந்துவிடும். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அது அடுப்புக்கும் அண்டாவுக்கும் எழுபது பெண்களின் பசிக்கும் சொந்தம். பொத்தேரியில் அந்த லேடீஸ் ஹாஸ்டலில் ஞாயிறு ராத்திரி மெஸ் கிடையாது. மத்தியானம் பிரியாணி போட்டு முடித்தால் மறுநாள் இட்லிக்குத்தான் மறுபடி அடுப்பு பற்றும். அந்த இடைவெளியைப் பதினோரு வருடமாக அவள் கரப்பான்பூச்சிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. அரிசி மூட்டைகளைப் பெஞ்சு மேல் ஏற்ற வேண்டும். மசாலா டப்பாக்கள் ஆபீஸ் ரூமுக்குப் போக வேண்டும். அண்டா, குண்டானையெல்லாம் பழைய புடவையால் போர்த்த வேண்டும். பிறகு புடவையைத் தூக்கிச் செருகி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூடியில் ஓட்டை போட்ட கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சோப்புத்தூள் தண்ணீரை நிரப்பிக்கொள்வாள். தொட்டிக்கு அடியில் ஓடுகிற பூச்சி மேல் அதைப் பீய்ச்சினால் நாலு சுற்றுச் சுற்றி மல்லாந்துவிடும். அடுத்தது தரைக்கு ஃபினாயில். கடைசியில் சாக்கடைத் துளையை மூடும் ஜாலியைச் சுற்றி ப்ளீச்சிங் பவுடர். வெளியே வந்தது சாகும், உள்ளே இருப்பது பொறுமையாகக் குடும்பம் நடத்தும். புதன்கிழமைக்குள் மறுபடியும் ஜாலி ஓரமாக மீசை ஆடும். ரெஜினா அதற்காக மனம் தளர்ந்ததில்லை. இன்றைக்குப் பெருக்கிவிட்டோம் என்று நாளைக்குக் குப்பை சேராமல் இருக்கிறதா?

செய்யூருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவள் பிறந்த ஊர். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கின கையோடு பள்ளிக்கூடம் போய் எட்டாவது வரைக்கும் படித்தாள். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். கட்டிக்கொடுத்தது கூடுவாஞ்சேரியில். கணவன் சாம் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போன பிறகு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டான். ஒரே மகள் ஜெனிஃபர் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். ரெஜினா தினமும் விடிவதற்கு முன் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, சமையல்கட்டுப் பூட்டைத் திறந்து, முதல் வேலையாகச் சாப்பாட்டு ஹால் கரும்பலகையில் அன்றைய மெனுவை எழுதுவாள். ‘வெண்பொங்கல், கொத்சு’ என்று அவள் எழுதியதைப் போன வருடம் ஒரு பெண் போட்டோ பிடித்து அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினாளாம்.

ஹாஸ்டல் சியாமளாவுடையது. அவள் கணவன் நரசிம்மன் கட்டியது. அவர் போன மறு வருடமே ஊரடங்கு வந்தது. பெண்களெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துவிட, அத்தனை பெரிய கட்டடத்தில் சியாமளா தனியாக மாட்டிக்கொண்டாள். ராத்திரியில் பயமாக இருக்கிறது என்று போனில் அழுதாள். சாமிடம் சொல்லிவிட்டு ரெஜினா இரண்டு புடவையோடு வந்து நாற்பது நாள் அங்கேயே தங்கினாள். எழுபது பேருக்குச் சமைக்கிற அடுப்பில் இரண்டு பேருக்கு ஒரு சின்னக் குக்கர் வைத்தார்கள். தின்ன எதுவும் கிடைக்காத கரப்பான்கள் நோட்டுப் புத்தக அட்டையைக் கடிக்க ஆரம்பித்தன. இரண்டு பேரும் ஆளுக்கொரு செருப்பை எடுத்துக்கொண்டு துரத்தினார்கள். துரத்தின துரத்தலில் சியாமளா வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கணவன் போன பிறகு அவள் சிரித்து ரெஜினா பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்தது. ரெஜினா, ரெஜி ஆனாள். சமையல்கட்டுச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது.

இந்த ஆனி மாதம் ஒரு பெண் ரசத்தில் மிதந்த கரப்பானை வீடியோ எடுத்து ஹாஸ்டல் குரூப்பில் போட்டாள். சியாமளாவின் போன் இரண்டு நாள் ஓயவில்லை. மருந்து அடிக்கிற கம்பெனிக்காரர்களைக் கூப்பிடலாமே என்று ரெஜினா சொல்லிப் பார்த்தாள். அவர்களுடைய வண்டி கேட்டில் வந்து நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும், எதிர் ஹாஸ்டல்காரி அதையும் வீடியோ எடுப்பாள் என்று சியாமளா மறுத்தாள். நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடி கம்பெனி என்றாள். அந்தப் பேச்சு ரெஜினாவுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு சியாமளா ஊரில் இல்லை. மாமல்லபுரத்தில் கடற்கரையோர மண்டபம் ஒன்றில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ரெஜினாவும், கூடமாட வேலை செய்யும் அன்பரசியும் சோப்புத் தண்ணீர், ஃபினாயில், பவுடர் எல்லாம் முடித்திருந்தார்கள். பவுடர் மேலேயே ஏழெட்டு கரப்பான் ஊர்ந்து போயின. ரெஜினா போனை எடுத்து, அக்கா, பவுடருக்கெல்லாம் அசையமாட்டேங்குது என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். உடனே பதில் வந்தது. பாத்ரூம் ஆசிட் இருக்கிறதே, அதில் ஒரு பாட்டிலைப் பவுடர் மேலேயே ஊற்று என்றது.

ரெஜினாவின் கை நின்றது. ஜெனிஃபர் லீவுக்கு வந்தபோது ஒரு தடவை சொல்லியிருந்தாள். அவர்கள் ரிசார்ட்டில் ஆசிட் ஓர் அலமாரியில், ப்ளீச் வேறோர் அலமாரியில். இரண்டு கதவிலும் மண்டையோட்டுப் படம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இரண்டையும் கலக்காதே என்றுதான் பாடம். ரெஜினா மறுபடி போனை வாயருகே வைத்தாள்.

“அக்கா, பவுடரோட ஆசிட்டு சேரக் கூடாதுன்னு ஜெனிஃபர் சொல்லிகீது. இன்னா செய்யட்டும்?”

அந்தப் பக்கத்துக் குரல் மேளச் சத்தத்துக்கு மேலே ஏறி வந்தது.

“உம் பொண்ணு ரூமு பெருக்குதா, டாக்டருக்குப் படிக்குதா? நான் சொல்றேன், ஊத்துடி. ஜன்னலச் சாத்திகினு ஊத்து. உள்ளயே சாவட்டும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ‘டாக்டருக்குப் படிக்குதா’ என்றதும் அன்பரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரெஜினாவுக்கும் சிரிப்பு வந்தது. பெற்ற பெண்ணைச் சொன்னதில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தாலும், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஊற்றினாள்.

பவுடர் நுரைத்துப் பொங்கியது. மஞ்சளாக ஒரு புகை காலடியிலிருந்து எழுந்தது. தொண்டைக்குள் யாரோ மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. அன்பரசியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, இரண்டு பேரும் குழாயடியில் இருமி வாந்தி எடுத்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் குழாய்கள் இறங்குகிற சந்து வழியாகப் புகை முதல் மாடி பாத்ரூமுக்கு ஏறிவிட்டது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவள் துர்காதேவி, இரண்டாம் வருடம், வீசிங் உள்ள பெண். கத்தின சத்தம் கேட்டு ரெஜினா அதே துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். நீலம் பாரித்த உதட்டோடு கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஆட்டோவில் மடியில் சாய்த்தபடி ஆஸ்பத்திரி கொண்டுபோனாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் பெண் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று குறை சொன்ன பிறகுதான் ரெஜினா வீட்டுக்குப் போனாள்.

சியாமளா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். ரெஜினாவிடம் அதிகம் பேசவில்லை. அக்கா பயந்துவிட்டாள் என்று ரெஜினா நினைத்துக்கொண்டாள். வீட்டில் சாம் கேட்டபோதும், அக்காவும் நானும் தெரியாமல் செய்துவிட்டோம் என்றுதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் துர்காதேவியின் அப்பா அப்பாசாமி வந்தார். செய்யூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது இரண்டு லாரி ஓடுகிறது. சாப்பாட்டு ஹாலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. கண் மட்டும் இரண்டு நாளாகத் தூங்காத கண். சியாமளா எதிரில் உட்கார்ந்திருந்தாள். ரெஜினாவும் அன்பரசியும் வரவழைக்கப்பட்டார்கள்.

“நான் ஊர்லயே இல்லிங்க,” என்றாள் சியாமளா. “கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எத்தினியோ தபா சொல்லிகிறேன், எதையும் கலக்காதன்னு. படிக்காத பொம்பள. இன்னா சொன்னாலும் மண்டையில ஏறாது.”

ரெஜினாவுக்கு முதலில் யாரைச் சொல்கிறாள் என்றே பிடிபடவில்லை. சியாமளாவின் தலைக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது. அன்று காலை வந்ததும் ரெஜினா எழுதியது: ‘செவ்வாய் — ரவா உப்புமா, தேங்காய்ச் சட்னி. மதியம் — கீரைக் கூட்டு, மோர்க் குழம்பு.’

“அக்கா, நீங்கதான சொன்னீங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அப்பாசாமி திரும்பினார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று ரெஜினா போனை எடுத்தாள். சியாமளாவின் பெயரைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையில் அவளுடைய முதல் மெசேஜ் இருந்தது. அதற்குக் கீழே ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ அதற்குக் கீழே அவளுடைய இரண்டாவது மெசேஜ். அதற்கும் கீழே, மறுபடி, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’

விரல் அந்த வரியை இரண்டு மூன்று தரம் தட்டியது. ஒன்றும் வரவில்லை. அப்பாசாமி கையை நீட்டிப் போனை வாங்கினார். அழியாமல் இருந்த இரண்டாவதைத் தட்டினார். எழுபது பேர் சாப்பிடுகிற ஹாலில் ரெஜினாவின் குரல் தெளிவாகக் கேட்டது. அக்கா, பவுடரோட ஆசிட்டு சேரக் கூடாதுன்னு ஜெனிஃபர் சொல்லிகீது. இன்னா செய்யட்டும்?

அவர் போனை மேஜை மேல் வைத்தார்.

“அப்ப தெரிஞ்சேதான் ஊத்திகிற.”

“இல்லிங்க. அதுக்குத்தான் இவங்க பதில் சொன்னாங்க. அதக் காணோம்.”

அழித்தது என்ன என்று அவர் சியாமளாவைக் கேட்டார். கல்யாணப் போட்டோ என்றாள் அவள், கொஞ்சமும் தடுமாறாமல். என் கூடப்பிறந்த அக்காவுக்கு அனுப்ப வேண்டியது இங்கே வந்துவிட்டது, அதனால் எடுத்துவிட்டேன் என்றாள். அந்த நிதானம்தான் ரெஜினாவைக் கலக்கியது. பதில் முன்கூட்டியே வீட்டில் வைத்துத் தயார் செய்யப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் சியாமளா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோதே அந்த மெசேஜ்கள் அழிந்திருக்க வேண்டும். ஒருவேளை அந்தக் காப்பி ஆறுகிற நேரத்தில்.

ரெஜினா அன்பரசி பக்கம் திரும்பினாள். வேலை இல்லாமல் நின்றவளைப் போன வருடம் இங்கே இட்டுக்கொண்டு வந்து சேர்த்தவள் ரெஜினா.

“அன்பு, நீயும் கேட்டதான? டாக்டருக்குப் படிக்குதான்னு சிரிச்சியே.”

“நான் குண்டான் தேச்சிகினு இருந்தேன்கா,” என்றாள் அன்பரசி தரையைப் பார்த்து. “காதுல வுழல.”

அப்பாசாமி போலீசுக்குப் போகவில்லை. பெண் பிழைத்தாள், அது போதும், ஆனால் இந்தப் பொம்பளை இந்தச் சமையல்கட்டில் இருக்கக் கூடாது, நாலு ஹாஸ்டலுக்கும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். எம் பொண்ண நீதான் தூக்கினு எறங்குனியாமே என்றார். ரெஜினா ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். போய்விட்டார்.

பத்து மணிக்கு சியாமளா அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாள். அலமாரியில் ஞாயிறன்று தூக்கி வைத்த மசாலா டப்பாக்கள் இன்னும் அங்கேயே இருந்தன. சியாமளா கதவைச் சாத்தினாள். இப்போது குரல் பழைய குரல், நாற்பது நாள் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட குரல்.

“கோச்சிக்காத ரெஜி. எம் பேரு வெளிய வந்தா ஹாஸ்டலே பூடும். உனுக்கு இன்னா, ரெண்டு மாசம் வூட்ல இரு. எல்லாம் மறந்துருவாங்க, நானே போன் பண்றேன். அன்பரசி அதுவரைக்கும் பாத்துக்கும்.”

ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தெருவில் எந்த ஹாஸ்டல் வாசலில் போய் நின்றாலும், பெண்ணைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேச்சு தனக்கு முன்னால் போய் நிற்கும் என்று தெரிந்தது. அதைச் சொல்லவில்லை. வேலை போனதையும் சொல்லவில்லை. ஜெனிஃபரிடம் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. நீ சொன்னது சரிதான், நான்தான் வேற ஆளை நம்பினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்கா,” என்றாள். “அத அழிக்கிறதுக்கு முன்னால, ஒரு தபாவாவது போட்டுக் கேட்டீங்களா?”

சியாமளா மேஜை மேல் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே குழாயடியில் அன்பரசி குண்டான் தேய்க்கிற சத்தம் கேட்டது.

ரெஜினா திரும்பினாள். மசாலா டப்பாக்களைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கை பழக்கத்தில் அலமாரிப் பக்கம் நீண்டது. பாதியில் மடக்கிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.