அம்மாவின் பேரில் அத்தை படுத்திருந்த கட்டில்

ஐயா, அல்லது அம்மணி, இதைக் கையில் எடுத்திருப்பவர் யாராயினும் முதலில் என் வணக்கம். சென்ற மாதம் கண்ணில் புரை எடுப்பதற்காக மாத்தளையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கினேன். என் மணிக்கட்டில் பேர் எழுதிய பட்டையொன்றைக் கட்டினார்கள். மருந்து விடுமுன் பேரைக் கேட்டார்கள். சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோகுமுன் கேட்டார்கள். கட்டிலில் ஏற்றியபின்னும் கேட்டார்கள். நான்காம் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று தாதிப்பெண் கேட்டாள். அவளுக்கு வேலை இருந்தது, கதை நீளமானது. ஆகவே அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யட்டவத்தைக்கு மேலே, கொக்கோவும் மிளகும் இடையிடையே வளர்ந்த ஓர் இறப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா இறப்பர் மரங்களில் பால் வெட்டினார். அப்பா புகைக்கூடத்தில் இறப்பர்த் தகடுகளைக் காயப்போடும் வேலையில் இருந்தார். இருவருடைய பேரும் தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் புத்தகமான செக்ரோலில் இருந்தன. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தின் பெருமை தெரியாது. அதில் பேர் இருந்தவருக்குச் சம்பளம், அரிசி, குடியிருக்க ஒரு காம்பிரா, நோய் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில், எல்லாம் உண்டு. பேர் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை.

அப்பாவின் தங்கையாகிய என் அத்தைக்குப் பேர் இல்லை. அவரைக் கலேவெலப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதர் ஒருநாள் மிளகாய் விற்கப் போனவர் திரும்பவில்லை. அத்தை ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் அவர் கீழே கிராமத்துத் தோட்டங்களில் மிளகு பறித்து வந்தார். வீட்டில் அவர் இருந்தால் சிரிப்புச் சத்தம் இருக்கும். ஓடையில் துணி துவைக்கும்போது தம் வாழ்க்கையின் துயரங்களையெல்லாம் எனக்கு வேடிக்கைக் கதைகளாக்கிச் சொல்லுவார். கலேவெலையில் காலில் புண் வந்து ஊசி போட்டதும், முகம் பூசணிக்காயாக வீங்கித் தொண்டை அடைத்து, செத்தார் என்று புருஷன் வீட்டார் அழத் தொடங்கியதும், அழுத மாமியாரின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாததைத் தாம் கண்டதும் அக்கதைகளில் ஒன்று. பென்சிலின் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அந்த ஓடையில்தான்.

ஐப்பசி மழையில் நனைந்து மிளகு பறித்த அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. மாத்தளைப் பெரியாஸ்பத்திரியில் யாரிடமும் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அங்கே போய்ச் சேரக் கார் பிடிக்க வேண்டும், எங்களிடம் அதற்கு வழியில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி அரை மைல் தொலைவில் இருந்தது. வெளியாள் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று அப்பாவின் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே எங்கள் லயத்து வரிசைவீடுகளில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். அம்மாவின் பேரை அத்தைக்குக் கொடுத்தோம். அம்மாவின் நோயாளி அட்டையை எடுத்துக்கொண்டு, அத்தையைக் கம்பளியில் சுற்றி அப்பா தூக்கிச் சென்றார். டொக்டர் ஐயா என்று நாங்கள் அழைத்த மருந்துக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்தார். அவருக்கு எங்கள் முகங்கள் இன்னும் பழகவில்லை. முகங்கள் எல்லாம் தெரிந்த ஆஸ்பத்திரி ஆயா, அத்தையைப் பார்த்து, கண் இமைக்காமல், அம்மாவின் பேரைச் சொல்லி வரவேற்றாராம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே பேர் ஒரே நாளில் ஆஸ்பத்திரியிலும் படுத்துக்கொண்டு மலையில் பாலும் வெட்ட முடியாது. ஆகவே அம்மா வேலைக்குப் போகக்கூடாது. வெளியில் தலையும் காட்டக்கூடாது. கங்காணியின் செருப்புச் சத்தம் கேட்டால் விறகுக் கட்டுகளுக்குப் பின்னே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல அது. பக்கத்துக் காம்பிரா அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, "என்ன மதினி, இன்னிக்கி ஒங்களுக்குக் காய்ச்சல் எப்பிடி?" என்று கேட்பார். அம்மா உள்ளேயிருந்து, "கஞ்சி குடிச்சேனாம், மக வந்து சொன்னா" என்பார்.

ஐயா, உண்மையைச் சொல்லுகிறேன். என் சிறுவயதில் மிக இனிமையான நாட்கள் எவை என்று யாரேனும் கேட்டால் அந்த முதல் ஐந்து நாட்களையே சொல்லுவேன். அதற்கு முன் வேலை நாளில், பகல் வேளையில், அம்மாவை வீட்டில் கண்டதாக எனக்கு நினைவில்லை. விடியுமுன் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பால் வாளியோடு திரும்புகிறவரைத்தான் எனக்குத் தெரியும். இப்போதோ பள்ளி விட்டு வந்தால் அம்மா இருந்தார். மத்தியானத்தில் சூடான ரொட்டி இருந்தது. என் தலையை மடியில் வைத்து, அவசரமில்லாமல் பேன் பார்த்தார். கதவைச் சாத்தியிருந்ததால் காம்பிரா இருட்டாக இருந்தது. அந்த இருட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அத்தைக்குக் காய்ச்சல் மெதுவாகவே இறங்கட்டும் என்று ஒருமுறை நினைத்துவிட்டேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கஞ்சி கொண்டுபோவது என் வேலை. ஆஸ்பத்திரியில் அத்தையை அம்மா என்று அழைக்கும்படி எனக்குப் பலமுறை சொல்லி அனுப்பினார்கள். எனக்கு நாக்குப் புரளவில்லை. முதல் நாள் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னடி மகளே, பெத்தவளக் கூப்புடாம பாத்துக்கிட்டு நிக்கிறே, ஒழுங்கா அம்மான்னு கூப்புடு" என்று கேலி செய்தார். நானும் அழைத்தேன். நன்றாகப் பொய் சொன்னதற்கு ஆயா எனக்கு ஒரு பிஸ்கோத்துக் கொடுத்தார். நான்காம் நாள் அத்தை கேலி செய்யவில்லை. ஐந்தாம் நாள் கண் திறக்கவில்லை.

அன்று வார்டில் தோட்டத்துக் கந்தோரின் பெரிய கிளாக்கரும் இருந்தார். நோயென்று படுத்திருப்பவர்களைச் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர் வாரத்துக்கொருமுறை வருவார். டொக்டர் ஐயா அம்மாவின் அட்டையைப் புரட்டினார். மாத்திரையால் பயனில்லை, இனிப் பென்சிலின் போட வேண்டும் என்று கிளாக்கரிடம் சொன்னார். முன்பு பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்கு இதே ஊசியை இவருக்குப் போட்டிருக்கிறது, ஒரு தீங்கும் செய்யவில்லை, ஆகவே சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார். அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் அது என் தம்பி பிறந்தபோது அம்மாவுக்குப் போட்ட ஊசி.

கஞ்சிச் சட்டியோடு நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஆயாவைப் பார்த்தேன், அவருக்கு ஓடைக் கதை தெரியாது. பெரிய கிளாக்கரின் முன்னால் பேர் வெளிப்பட்டால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேர் வெட்டுவார்கள், காம்பிரா போகும் என்பதை ஒன்பது வயதிலும் நான் அறிந்திருந்தேன். ஊசி அத்தையின் புயத்தருகே வந்துவிட்டது. நான் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, டொக்டர் ஐயாவின் கையை ஊசியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இது எங்க அம்மா இல்லீங்க. அத்தைங்க. அத்தைக்கு அந்த ஊசி ஆகாதுங்க, தொண்ட அடைச்சிருங்க."

டொக்டர் ஐயா என்னைப் பார்த்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். அட்டையில் எழுதியிருந்த வயதையும் பார்த்திருக்க வேண்டும். அம்மா அத்தையைவிடப் பத்து வயது மூத்தவர். பிறகு என் கையை உதறினார்.

"பொய்க்காரி. தாய்க்கு ஊசி போடுறதப் பாத்துப் பயந்துபோய் வாயில வந்ததெல்லாம் சொல்லுறாள். ஆயா, இவள வெளியால கொண்டுபோ."

ஆயா உடனே என் காதைப் பிடித்தார். "பொறந்ததுல இருந்தே இது இப்பிடித்தாங்க. வாயத் தொறந்தா புளுகு" என்று பெரிய கிளாக்கருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே என்னை வாசலுக்கு இழுத்துச் சென்றார். பெரிய கிளாக்கர் சிரித்தார். ஊசியை ஏன் இன்னும் போடவில்லை என்றும் கேட்டார். அழுக்குக் கை பட்டுவிட்டது, மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டும், அரை மணித்தியாலம் ஆகும் என்றார் டொக்டர் ஐயா. பெரிய கிளாக்கருக்கு அரை மணித்தியாலம் நிற்க நேரமில்லை.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதபடி பார்த்தேன். கிளாக்கர் போனதும் டொக்டர் ஐயா கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தார். துரை வீட்டாருக்கும் உத்தியோகத்தருக்கும் என்று வைத்திருந்த தட்டு அது. எங்களுக்குக் கீழ்த்தட்டில் சிவப்புத் தண்ணீரும் வெள்ளை மாத்திரையும்தான். மேல்தட்டிலிருந்து இரண்டு நிறத்துக் குளிசை எடுத்து அத்தையின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊட்டினார். பிறகு மேசையில் உட்கார்ந்து, அம்மாவின் அட்டையில் சிவப்பு மையால் ஏதோ ஒரு வரி எழுதினார். என் பக்கம் திரும்பவேயில்லை.

பின்னேரத்துக்குள் லயம் முழுவதும் செய்தி பரவியது. பிள்ளைகள் என்னைப் புளுகி என்று அழைத்தார்கள். ஐந்து நாள் பொய் சொன்னபோது பிஸ்கோத்துத் தந்த உலகம், ஒருமுறை உண்மை சொன்னதும் காதைத் திருகியது எனக்கு விளங்கவில்லை. அம்மா என்னை அணைத்துக்கொண்டார்; ஆனால் அவரும் என் பக்கம் பேசவில்லை. "யாரு கேட்டாலும் பொய்தான் சொன்னேன்னு சொல்லு. அந்த ஐயா சொன்னதுதான் சரி" என்றார்.

அத்தை பிழைத்தார். பத்து நாளில் நடந்தே வீடு வந்தார். அம்மா மறுநாள் பிரட்டுக்களத்துக்குப் போனார். வீட்டில் இருந்து ஓய்ந்ததில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தவள் இவ்வளவு பளபளப்பாக வந்ததை இன்றுதான் பார்க்கிறேன் என்று கங்காணி சொல்ல, முழு வரிசையும் சிரித்ததாம். எனக்கு மட்டும் மத்தியான ரொட்டி நின்றுபோனது.

ஐந்து வருடங்களுக்குப் பிறகு பால் வெட்டும் கத்தி வழுக்கி அம்மாவின் இடது கையைக் கிழித்தது. புண் சீழ் வைத்தது. அப்போது வேறொரு டொக்டர் ஐயா இருந்தார். அவர் அட்டையைப் பார்த்தார், சிவப்பு வரியை வாசித்தார், இவருக்குப் பென்சிலின் கூடாது என்றார். மேல்தட்டை அவர் திறக்கவில்லை. தூளும் கட்டும் போட்டார். அட்டையில் உள்ளது தமக்குரியதல்ல என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புண் நாலு மாதத்தில் ஆறியது. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டை பிடித்தேன். "சொன்னா அத்தை பேர் வரும், அப்பா பேர் வரும், எழுதின அந்த ஐயா பேரும் வரும். ரெண்டு வெரல்தானே" என்றார்.

யன்னலில் நின்று அழுத ஒன்பது வயதுப் பிள்ளை, தன்னை யாரும் நம்பவில்லை என்றே எண்ணியிருந்தது. முதல் டொக்டர் ஐயா நம்பியதால்தான் அந்த வரியை எழுதினார் என்பதை அது அறியவில்லை. அத்தையைக் காத்த அந்த வரி அம்மாவின் பேருக்குக் கீழே எழுதப்பட்டது என்பதையும், எழுதும்போது அவருக்கே வேறு இடம் இருக்கவில்லை என்பதையும் அறியவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் இப்போது இறப்பர்த் தகடு வைக்கும் களஞ்சியமாக இருக்கிறது. அட்டைகள் எங்கே போயினவோ தெரியாது. ஆகவே ஐயா, அம்மணி, நான் எழுதிய இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்திருங்கள் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.