அள்ளினாங்கன்னு எழுதுங்க

விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் என் ஆட்டோ நின்ற காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஸ்டாண்டில் செல்போன் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதனாலோ என்னவோ, சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய அந்த அம்மா என் வண்டியையே பேசி வைத்துக்கொண்டார். சரித்திரம் எழுதுகிறவர். கூட்டம் கல்லெடுத்தால் அரசாங்கம் என்ன செய்கிறது, செய்ததை எப்படி எழுதி வைக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"சரித்திரம்னா ராஜா கதைதானம்மா?" என்று கேட்டேன்.

"ராஜாகிட்ட அடி வாங்கினவங்க கதையும் உண்டுங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் தேடி வந்தது பல வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று. ஏரிக்குத் தண்ணீர் விடவில்லை என்று ஜனங்கள் திட்டக்குடி ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். பொழுது ஏற ஏறக் கல் பறந்தது. ஒரு பஸ் எரிந்தது, கண்டக்டருக்குக் கை வெந்துபோனது. அதற்கப்புறம் போலீஸ் ஊர் ஊராக நுழைந்தது.

போன இடமெல்லாம் அந்த அம்மா ஒரே கேள்வி கேட்டார். "கலவரம் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "கலவரமா? இங்க ஏதுங்க கலவரம்?" ஒருவர் நாற்காலி போட்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க. அதைத் தவிர இங்க ஒண்ணும் நடக்கல" என்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் அவரே காரணத்தைப் பிடித்துவிட்டார். "கலவரம்ங்கறது கேஸ் எழுதினவங்க போட்ட வார்த்தை. அதையே நானும் வாயில வெச்சுக்கிட்டு வந்து நின்னா, யாருங்க பேசுவாங்க?" மறுநாள் "தண்ணி மறியல்" என்று கேட்டார். வாய்கள் திறந்தன.

அப்படிக் கிடைத்தவர்தான் அந்த அக்கா. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். அவர் வீட்டுக்காரர் மறியல் பக்கமே போகாத மனிதர். வயலில் நின்றவரைப் போலீஸ் கொண்டுபோனது. திரும்பி வந்தவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சில வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகன் பரீட்சை எழுதிப் பாஸாகி, அரசாங்க வேலைக்குக் காத்திருந்தான்.

"பேசறேம்மா. பேரு மட்டும் வேணாம்" என்றார் அக்கா, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டே. "வேலைக்கு முன்ன போலீஸு வந்து வெசாரிப்பாங்களாம். அப்பன் பேரு எங்கனா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சா, பையன் பொழப்பு போச்சு."

அந்த அம்மா சம்மதித்தார். எல்லாம் கேட்டு எழுதியபின் வாசித்தும் காட்டினார். 'மறியலுக்கு மறுநாள் கைது செய்யப்பட்டார்' என்ற இடத்தில் அக்கா தலையசைத்து மறுத்தார்.

"கைது இல்லம்மா. அள்ளினாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்று நான் நடுவில் வாயை விட்டேன்.

"ஆட்டோ ஓட்டுறவனுக்கு எல்லா ரோடும் ஒண்ணுதான். கைதுன்னா பேரு கேப்பாங்க, தம்பி. இவரை யாரு கேட்டா? வயல்ல நின்னவங்க, சந்தைக்குப் போனவங்க, அத்தினி பேரையும் லாரியில அள்ளிப் போட்டாங்க. எங்க கம்பெனிக்குக் களிமண்ணு அள்ளுவாங்களே, அந்த மாதிரி."

அடுத்த பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டார். "நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். புருஷன் பேரு என்னன்னு கேட்டாங்க. எப்புடிச் சொல்லுவேன்? பெரிய கோயில் சாமி பேருங்கன்னேன். 'சாமியெல்லாம் இங்க வரல, கோயில்ல போயித் தேடு'ன்னு சிரிச்சாங்க."

எங்கள் பக்கம் அந்த வயதுப் பெண்கள் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள், கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் புரிந்துகொள்ள ஆளில்லை.

அந்த அம்மா பேனாவை மூடினார். "நான் பாத்த காகிதத்துல கைதானவங்க பேரு இருக்குது. நீங்க சொன்ன சாமி பேரு எதுலயும் இல்லக்கா. பேரே எழுதாம கொண்டுபோனா, அடிச்சதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்க."

"அப்ப பையனுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆவாது."

சந்தோஷப்பட வேண்டிய பதில்தான். அக்கா தூரிகையை மையில் தோய்த்தார். கை பொம்மை வரைக்கும் போகவில்லை.

சில மாதம் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார், போனார். மகனுக்கு ஆர்டர் வந்தது, வேலையிலும் சேர்ந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் அக்கா ஸ்டாண்டுக்கு வந்து நின்றார்.

"தம்பி, அந்தம்மாவுக்குப் போன் போடு."

"பையன் வேலைக்குப் போன சேதி சொல்லவாக்கா?"

"இல்ல. வந்த போலீஸ்காரரு நல்ல மனுஷன்தான். டீ குடிச்சாரு. 'இந்த வூட்டு ஆளுங்க மேல போலீஸு கையே பட்டதில்ல, நல்ல குடும்பம்'னு சொல்லிட்டுப் போனாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கையே பட்டதில்லயாம். நானும் ஆமாங்கன்னு நின்னேன்."

"அதுக்கு இப்ப என்னக்கா?"

"அவரு பேரைச் சேக்கச் சொல்லணும். பையனையும் கேட்டுட்டேன். 'எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும், சொல்லும்மா'ன்னுட்டான்."

போன் போட்டுக் கொடுத்தேன். எழுதிக்கொள்ளப் பெயரைச் சொல்லும்படி அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அக்கா போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவருக்காக நானே சொல்லிவிடலாம் என்று கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"நீ சும்மா இரு."

ஜங்ஷன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "அள்ளினாங்கன்னு எழுதுங்கம்மா. கைதுன்னு போட்டுடாதீங்க" என்றார். பிறகு வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு அந்தப் பெயரைச் சொன்னார். உள்ளே ரயில் ஊதியதில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது.

ரயில் போகும்வரை நின்று, மறுபடியும் சொன்னார், உரக்க. ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.