கமராவுக்கு முன்னால் தும்புத்தடி

ஒரு மனுசி வீடு துடைப்பதை வேறு மனுசர் வேலை மினக்கெட்டு இருந்து பார்ப்பார்கள் என்று எனக்கு முதன்முதலாகச் சொன்னவள் என் இளைய மகள் சுகன்யா. நாலு வருடத்துக்கு முந்தி, ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து இருந்த என்னிடம் போனை நீட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நகத்துக்குச் சாயம் பூசிய கையால் தன் பிறிஜ்ஜின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. கதையில்லை, பாட்டில்லை. துடைக்கிறது, அவ்வளவுதான். நான் விரதச் சமையலை மறந்து கடைசிவரைக்கும் பார்த்தேன்.

வீட்டு அழுக்கை ஊருக்குக் காட்டிப் பேர் எடுக்கிற தொழில் இது ஒன்றுதான். என்னைப்போல் விடிந்ததும் விடியாததுமாய்த் தும்புத்தடியைத் தேடுகிற உங்களுக்கு நான் சொல்வது விளங்கும். எத்தனை வருடமாய்க் கூட்டித் துடைத்தோம், துப்பரவாய்க் கிடந்த நாளில் ஒருவராவது வாய் திறந்தார்களா? அழுக்காய்க் கிடந்தால்தானே சொல்வார்கள். அதனால் "நாங்களும் எடுப்பம் அம்மா" என்று சுகன்யா கேட்டபோது நான் மறுக்கவில்லை. சுகன்யாவின் அப்பா காலமான பிறகு, மருதனார்மடத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சுகன்யாவுக்குக் கந்தோர் வேலையில் லீவு வருகிற நாளில் அவள் போனைப் பிடிப்பாள், நான் தேய்ப்பேன்.

பைப்பில் படிந்த வெள்ளை

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலின் அடி, பைப்பின் கழுத்து, குளியலறை ரைல்ஸ், எல்லாவற்றிலும் வெள்ளையாய்ப் படியும். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வீடியோக்களில் இதற்கு வைத்தியம் இல்லை, அவர்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லைப்போலும். நான் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், பாதியாய் வெட்டி, உப்பில் தோய்த்துத் தேய்த்தேன். வேலை செய்யும்போது "முருகா, முருகா" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லும். அதை வெட்டிவிடச் சொன்னேன். சுகன்யா வெட்டவில்லை.

அடுத்த நாள் வீடியோவுக்குக் கீழே நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கிற முன்பின் தெரியாத ஒரு பிள்ளை எழுதியதைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "அன்ரி, வேலையாலை வந்து படுத்துக் கிடந்து பாக்கிறன். என்ரை சிங் நிறையக் கழுவாத கோப்பை கிடக்குது. நீங்கள் உங்கடை பைப்பைத் தேய்க்க எனக்குக் களை ஆறுது."

தேவாரம் பாடச் சொன்ன மகன்

என் மூத்தவன் பிரதீபன் கனடாவில். பெண்சாதி கௌசி, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தால் ஆறுதலாய் இருந்து கதைப்பான். கக்கூஸ் கழுவுகிற வீடியோ போட்ட கிழமை மட்டும் திங்கட்கிழமையே எடுத்தான்.

"அம்மா, இஞ்சை என்னோடை வேலை செய்யிற ஆக்கள் கேக்கினம், உது உன்ரை அம்மாவோ எண்டு. மகன் கனடாவிலை, தாய் கக்கூஸ் கழுவிக் காட்டுது எண்டு சனம் கதைக்காதோ? நான் உங்களைப் பாக்கேல்லை எண்டெல்லோ நினைக்கும்."

"தம்பி, எங்கடை கக்கூசைத்தானே கழுவினனான்."

"கழுவுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? ஏன் காட்டுறியள்?"

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் "சுகமோ, சாப்பிட்டியளோ" என்பதோடு போனை வைத்துவிடத் தொடங்கினான். பேரப்பிள்ளைகளின் சத்தம் பின்னால் கேட்கும், ஆனால் போன் அவர்கள் கைக்குப் போகாது. சாமி அறையில் இருந்து யோசித்தேன். மகனையும் விடுவதில்லை, தும்புத்தடியையும் விடுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு எழும்பினேன். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை எடுத்தபோது சமாதானமாய் ஒரு வழி சொன்னான். "அம்மா, நீங்கள் தேவாரம் வடிவாய்ப் பாடுவியள்தானே. குளிச்சு முழுகி இருந்து அதைப் பாடிப் போடுங்கோவன், நானே எல்லாருக்கும் அனுப்பிவிடுறன்."

சந்தையில்

மருதனார்மடச் சந்தையில் கீரை வாங்க நின்றேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்து இளைப்பாறிய ஒரு ஐயா என்னை அடையாளம் கண்டுவிட்டார். "வீட்டைத் துப்பரவாய் வைச்சிருக்கிறது பொம்பிளையளின்ரை கடமை. கடமையைச் செய்யிறதுக்குக் கமரா என்னத்துக்கு?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பிரதீபன் சொன்னதுபோலத்தான் ஊரும் நினைக்கிறது என்று பட்டது.

கீரைக்கார அக்கா தலை நிமிரவில்லை. பிடியைக் கட்டிக்கொண்டே அவருக்குச் சொன்னார். "சங்கக்கடை நடத்தினதும் உங்கடை கடமைதானே ஐயா. பிறகேன் மாலையோடை படம் பிடிச்சு விறாந்தையிலை கொழுவியிருக்கிறியள்?"

வாசமும் புகையும்

வெளிநாட்டு வீடியோக்களில் ஒரு பழக்கம் உண்டு. சிங்கில் நீலத்தை ஊற்றி, பச்சையை ஊற்றி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தூளைக் கொட்டி நுரை பொங்கவிடுவார்கள். பார்க்க நல்ல வடிவு. பொங்கிய நுரை என்னத்தைத் துப்பரவாக்கியது என்று மட்டும் ஒருவரும் காட்டுவதில்லை. சுகன்யா, "ஒருக்கால் செய்து பாப்பம் அம்மா, சனத்துக்கு விருப்பம்" என்றாள். கக்கூஸ் கழுவுகிற திராவகமும் கிணற்றுக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் தூளும் எங்களிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்தோம்.

நீங்கள் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூக்கும் கண்ணும் பற்றி எரிய, போனையும் போட்டுவிட்டு இருவரும் இருமிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினோம். கடவுள் புண்ணியத்தில் யன்னல் திறந்து கிடந்தது. எங்கள் இருமலைக் கேட்டுப் பக்கத்து வளவு நவம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, டெங்குக்குப் புகை அடிக்க வந்திட்டினமோ? எங்கடை பக்கமும் வரச் சொல்லும்."

மற்ற அறை

இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. குசினியை எடுப்பதென்றால் குசினிச் சாமான்களை எல்லாம் அள்ளிப் பின்னறையில் கொட்டுவோம். பின்னறையை எடுக்கிற நாளில் எல்லாம் குசினிக்குப் போகும். போனுக்குத் தெரிகிற இடம் மட்டும் பளிங்கு. குசினியை எடுத்த ஒரு நாள் பார்த்துக் கோயில் அன்னதானத்துக்குக் காசு சேர்க்கிற பெண்கள் இருவர் வந்தார்கள். "உங்கடை வீட்டைப் பாக்கவேணும் எண்டு எவ்வளவு நாள் ஆசை" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பின்னறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

உரல், அண்டா, பழைய பேப்பர், காயாத உடுப்பு, ஒற்றைச் செருப்பு. நான் கதவை இழுத்துச் சாத்தப் போனேன். அவரோ ஒரு சாக்கைத் தள்ளிவிட்டு அந்தக் குவியலுக்குள்ளேயே கதிரை தேடி வசதியாய் இருந்தார். "அப்பாடா, எங்கடை வீடுதான். தேத்தண்ணி போடுங்கோ."

உரும்பிராயிலிருந்து ஒரு குரல்

அதற்குச் சில மாதம் கழித்து உரும்பிராயில் இருக்கிற ஒரு பிள்ளை குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். கைப்பிள்ளைக்காரி. வீட்டில் வெங்காயச் செய்கை, அறுப்புக் காலம். "அன்ரி, உங்களிலை கோவமில்லை. ஆனா உங்கடை வீடியோ தொடங்கின உடனை எனக்கு நெஞ்சு படபடக்குது. மாமி சத்தத்தைக் கூட்டிவிட்டு, உதைப் பார், உவவுக்கு உன்ரை தாயின்ரை வயது, வீட்டை எப்பிடி வைச்சிருக்கிறா எண்டுவா." பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

ஜெர்மனியில் ஒரு பிள்ளைக்குக் களை ஆறுகிறது, இங்கே ஒரு பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது. ஒரே பைப், ஒரே தேசிக்காய். பிரதீபனிடம் சொன்னபோது, "அதுக்குத்தான் நிப்பாட்டச் சொன்னனான்" என்றான். நிப்பாட்டினால் அந்த மாமி வேறு ஒரு மனுசியின் வீடியோவைப் போடுவா, அவ்வளவுதானே. எங்கள் ஊர் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நின்று, என்ன செய்வதென்று கேட்டேன். ஓடி ஒளிக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை.

அடுத்த வீடியோவில் குசினியைத் துடைத்து முடித்த கையோடு, போனைத் திருப்பிப் பின்னறையைக் காட்டு என்று சுகன்யாவிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். "காட்டு பிள்ளை" என்றேன். உரலும் செருப்பும் எல்லாம் தெரியத் தெரிய நான் சொன்னேன், இந்தக் குசினிக்குக் காலமையிலிருந்து இரண்டு பேர் மினக்கெட்டோம், எங்களுக்கு அழுகிற குழந்தை இல்லை, தோட்டம் இல்லை. பார்க்கிற மாமிமார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்றேன். அந்தப் பிள்ளை திரும்பவும் குரல் அனுப்பினாள். இந்த முறை சிரித்துக்கொண்டு, மாமி சொன்னதை அப்படியே சொன்னாள். "உவ வீடு துடைக்கிறாவோ, எனக்குப் புத்தி சொல்லுறாவோ? சரி சரி, பிள்ளையை இஞ்சை கொண்டா."

அன்றிலிருந்து மற்ற அறையைக் காட்டாமல் நான் ஒரு வீடியோவும் முடிப்பதில்லை. பார்க்கிற சனம் கொஞ்சம் குறைந்தது என்றாள் சுகன்யா. குறையட்டும் என்றேன்.

போனவர்கள் போய்ச் சேருமட்டும்

போன ஆவணியில் பிரதீபன் குடும்பத்தோடு வந்தான். வந்து இறங்கி, வாசலில் கால் கழுவ முதலே, "அம்மா, நாங்கள் நிக்கிறமட்டும் கமரா வேண்டாம்" என்றான். "உங்கடை முகம் ஒண்டும் வராது தம்பி. ஆனா நான் வேலையை விடமாட்டன்" என்றேன். நான் சொன்னபடி அவர்கள் திருவிழாவுக்குப் போகிற நேரம் பார்த்து எடுத்தேன். அவன் திரும்பி வந்து, காயாத தரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் தாண்டிப் போவான். ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அதைப்பற்றி மட்டும் கதையாமல் இருந்தோம்.

வெளிக்கிடுகிற நாள் வந்தது. விமானநிலையத்துக்குப் போக வான் வாசலில் நிற்கிறது. கடைசி நேரத்தில் சூட்கேஸ் நிறை கூடிவிட்டதென்று திறந்து மூட, திரித்துக் கட்டி வைத்த மிளகாய்த்தூள் பை ஒன்று வெடித்து விறாந்தை முழுக்கக் கொட்டியது. அதன்மேல் பிள்ளைகள் ஓடினார்கள். வளவிலிருந்த செம்பாட்டு மண்ணும் சேர்ந்துகொண்டது. வெள்ளை ரைல்ஸ் என்று நாங்கள் ஆசையாய்ப் பதித்தது. தும்மிக்கொண்டே விபூதி பூசிவிட்டேன், தும்மிக்கொண்டே வானில் ஏறினார்கள். அவன் யன்னலால் கை காட்டினான். முகத்தில் ஒன்றும் இல்லை.

வான் ஒழுங்கை திரும்பியதும் சுகன்யா போனை எடுத்தாள். "அம்மா, உப்பிடி ஒரு ஊத்தை எங்களுக்கு ஆயுசுக்கும் கிடையாது. எடுப்பம். சனமும் பாத்துக்கொண்டிருக்கும்."

"விசரே உனக்கு? பயணம் போன வீட்டை உடனை கூட்டுறதோ? பிரேதம் எடுத்த வீட்டைத்தான் கையோடை கழுவுறது. கொண்ணை கனடா போய்ச் சேரட்டும்."

"அப்ப என்னத்தை எடுக்கிறது?"

"உதைத்தான்."

விறாந்தை நடுவில் கதிரை போட்டு இருந்தேன். தும்புத்தடியைச் சுவரோடு சாத்தி வைத்தேன். வணக்கம் சொல்லி, என் மகன் இப்போது வானில் போய்க்கொண்டிருக்கிறான், பிறகு பிளேனில் ஏறுவான், அவன் போய் இறங்குமட்டும் இந்த வீட்டில் ஒரு தூசு துடைக்கமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இடையில் இரண்டு தரம் தும்மினேன். அதையும் சுகன்யா வெட்டவில்லை.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவரும் துப்பரவைப்பற்றி எழுதவில்லை. "என்ரை மகள் ஏறியிருக்கிறாள் அக்கா, நானும் கூட்டாமல் இருக்கிறன்" என்று ஒருவர். "எனக்கும் அம்மா இப்பிடித்தான் இருந்தவ" என்று வெளிநாட்டிலிருந்து எத்தனையோ பேர். நானோ மிளகாய்த்தூளைத் தாண்டித் தாண்டிக் குசினிக்கும் சாமி அறைக்கும் நடந்தேன். பிளேன் போகிறதைப் போனில் பார்க்கலாம் என்று சுகன்யா காட்ட வந்தாள். வேண்டாம் என்றேன். அவன் குரல் வந்தால் போதும்.

அடுத்த நாள் மத்தியானம் கடந்து குரல் வந்தது. முதலில் மூச்சு வாங்குகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். பிறகு அவன். "அம்மா, வீட்டை வந்து சேர்ந்திட்டம். பிளேன் மாறேக்கை வீடியோ பாத்தனான். இனிக் கூட்டுங்கோ. கௌசி கேக்கிறா, மிளகாய்த்தூளை எப்பிடி எடுக்கிறியள் எண்டு. வடிவாய்த் தெரியக் கமராவை வைச்சுப்போட்டுக் கூட்டட்டாம், நாங்கள் எல்லாரும் இருந்து பாக்கிறம்."

சும்மா இருந்து சாதித்ததை வேலை செய்து சாதிக்க முடியாது போலும். ஊருக்கெல்லாம் துடைக்கக் காட்டித் தந்த எனக்கு அந்த மிளகாய்த்தூள் ரைல்ஸ் இடுக்கிலிருந்து இன்னும் முழுதாய்ப் போகவில்லை. வழி தெரிந்தவர்கள் இருந்தால் ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.