ஒரு நிமிடம் முப்பத்தொரு விநாடி

முதலில் ஒரு திருத்தம். போன வருஷம் அம்மா மறைந்தபோது பழனிசெட்டிபட்டி முக்கில் தம்பி வைத்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில், 'அறுபத்து மூன்று வயதில் ஐம்பது மீட்டரை ஒன்றரை நிமிடத்துக்குள் நீந்திய வீராங்கனை' என்று போட்டிருந்தான். உறவினர்கள் எல்லாரும் பார்த்துப் பெருமைப்பட்டீர்கள். ஆனால் அது தப்பு. அம்மா எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம் முப்பத்தொரு விநாடி. ஒரு விநாடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தம்பி என்னிடம் சண்டைக்கு வந்தான். ஆமாம், அந்த ஒரு விநாடிக்காகத்தான் இந்த முதலாண்டு நினைவு மலரில் நான் எழுதவே ஒப்புக்கொண்டேன்.

அம்மா உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில், மூன்று அண்ணன்மாருக்குப் பின் பிறந்தார். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினார். பத்தொன்பது வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தார். அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை அப்போது சரியாக ஓடவில்லை. அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அடுப்படியில் நின்றே வாழ்ந்தார். தம்பியையும் என்னையும் படிக்க வைத்ததும், என்னை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு நிற்க வைத்ததும் அந்தக் கால்கள்தான். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடக்காதீர்கள், முடிந்தால் நீந்துங்கள், தண்ணீருக்குள் முட்டிமேல் பாரம் இறங்காது என்றார்.

தேனி நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் உண்டு. அம்மாவை நான் கூட்டிப்போனேன். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை. 'முட்டிக்கு வைத்தியம்' என்று முதலில் உங்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தோமே, அது இதுதான். வெட்கத்தில் மறைத்தது நான். அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

முதல் நாளே தண்ணீரில் இறங்கி அம்மா குளத்தைக் கலக்கிவிட்டார். பயிற்சி தந்த டீச்சர் கரையில் நின்று பார்த்துவிட்டு, தலையை ஏன் இப்படித் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா பதில் சொன்னார்: "எங்க பெரியண்ணன் மேலருந்து எட்டிப் பாக்காமக் குதிப்பாகம்மா. தலையத் தூக்கி வச்சிருந்தாத்தான் உசுரு மிச்சம்." பெரிய மாமா, நீங்கள் செய்த வேலை ஐம்பது வருஷம் கழித்தும் அம்மாவின் கழுத்தில் இருந்தது. இதைப் படித்துவிட்டு என்னிடம் கோபிக்க வேண்டாம்.

டீச்சர் பொறுமையாக விளக்கினார். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சாய்வான பலகைபோல் ஆகித் தண்ணீரை மோதித் தள்ளும். பலத்தில் பாதி அந்தத் தடையிலேயே வீணாகும். முகத்தை உள்ளே வைத்தால் இடுப்பு தானாக மேலே வரும். மூச்சைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் உருட்டி, வாய் மட்டும் வெளியே வரும்படி இழுக்க வேண்டும். கையையும் அவசரப்படுத்தக் கூடாது. வேகமாக வீசும் கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். முழங்கையை உயர்த்தி வைத்து, தண்ணீரைப் பிடித்து, கீழே அமுக்காமல் பின்னால் தள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பாடம் மட்டும் அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. அண்டாவில் அடிப்பிடிக்காமல் துடுப்புப் போடுவதுபோல என்றார். டீச்சர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

முகத்தை உள்ளே வைக்கத்தான் மாதங்கள் ஆயின. அப்பா வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் அம்மாவை, கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருக்கும் மோட்டார் என்று கேலி செய்வார். இதற்கிடையில் அம்மாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மதுரையில் மூத்தோருக்கான நீச்சல் போட்டி நடக்கிறது, அதில் ஐம்பது மீட்டரை ஒன்றரை நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். ஏன் ஒன்றரை நிமிடம் என்று கேட்டதற்கு, ஒரு கணக்கு வேண்டாமா என்றார். டீச்சர் ஒரு ஸ்டாப் வாட்சை என் கையில் கொடுத்தார். நேரத்தையும் கைவீச்சின் எண்ணிக்கையையும் நான் குறித்துத் தர வேண்டும், அதைப் பார்த்து அவர் பயிற்சியை மாற்றுவார். இதுதான் ஏற்பாடு.

புதிய முறைக்கு மாறும்போது முதலில் நேரம் கூடத்தான் செய்யும் என்று டீச்சர் எச்சரித்திருந்தார். அப்படியே கூடியது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு காலையில் முட்டி வேறு வீங்கியிருந்தது. கடுப்பில் பழைய கிணற்று நீச்சலையே போட்டார். தலையைத் தூக்கி, கையைத் தாறுமாறாக வீசி, மூச்சு வாங்கக் கரையைப் பிடித்து, "எத்தனத்தா?" என்று கேட்டார். வாட்சில் ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்து நான்கு என்றேன்.

அவ்வளவுதான், அம்மா மலர்ந்துவிட்டார். பழைய முறையே நல்ல முறை என்று முடிவுகட்டிவிட்டார். மறுநாள் நான் நாற்பத்து இரண்டு என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய்க்கு அடுத்த பொய் துணைக்கு வந்தது. கைவீச்சு கூடிக்கொண்டே போகிறது, நேரமும் குறைகிறதே என்று டீச்சர் என் குறிப்பைப் பார்த்து முழித்தார். கடைசியில், சில உடம்புக்கு இதுதான் ஒத்துவரும் போல என்று விட்டுவிட்டார். தேர்ந்த டீச்சரையே முட்டாளாக்கிவிட்டேன். ஊராருக்கெல்லாம் சர்க்கரை அளவை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுக்கிறவள் நான். பெற்ற தாய்க்கு மட்டும் இரண்டு மாதம் பொய்க்கணக்கு எழுதினேன். அன்பு என்று நினைத்துச் செய்தேன். பாவி.

மதுரைக்கு வேன் பிடித்துப் போனோம். உங்களில் பலர் வந்தீர்கள். அம்மாவின் வயதுப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். இரண்டாம் பரிசு என்று வீட்டில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளிப் பதக்கத்தின் கதை இதுதான். இதை அம்மாவே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அன்று சிரிக்கவில்லை. நீந்தி முடித்துச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து. அதன்பிறகு மேலே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். திரும்பும் வழியில் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாதம் எடுத்து வைத்தார், எல்லாரிடமும் பேசினார், என்னிடம் மட்டும் பேசவில்லை.

மறுநாள் காலை அடுப்படிக்குக் கூப்பிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன்.

"ஒங்க லேபுல ஒருத்தருக்குச் சுகர் முந்நூறு இருந்தா, பாவமேன்னு நூத்தம்பதுன்னு எழுதுவியா?"

மாட்டேன் என்றேன்.

"ஏன்னா அவுகளுக்கு மாத்திரைய மாத்தணும். எனக்கு மாத்த வேணாமா? தண்ணிக்குள்ள கெடக்கவளுக்கு என்னத்தா தெரியும்? கையப் போட்டு அடிச்சா வெரசாப் போற மாதிரித்தான் இருக்கும். அதுக்குத்தான ஒன்னக் கரையில நிக்க வச்சேன்."

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்டாப் வாட்சை என் மடியில் போட்டுவிட்டு நீச்சலுடைப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டீச்சரிடம் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலிலிருந்து தொடங்குவோம் என்றார்.

உண்மையிலேயே முதலிலிருந்துதான். சுவரை உதைத்துவிட்டு, கை காலை ஆட்டாமல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போக முடிகிறது என்பதை மட்டும் பல வாரம் பழகினார். இருபத்தைந்து மீட்டர் நீளக் குளத்தைக் கடக்க நாற்பது முறை வீசிய கை, மெதுவாக முப்பதுக்கு இறங்கிற்று. சில காலைகளில் நேரம் மோசமாக வந்தது. மோசமாகவே சொன்னேன். அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி தலையை உள்ளே விட்டார். அப்பா கேலியை மாற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் மோட்டாரின் பெயரால் 'சப்மெர்சிபிள்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் தொழிலில் அதைவிட உயர்ந்த பாராட்டு இல்லை.

அடுத்த போட்டியில் மூன்று பேர் நீந்தினார்கள். அம்மா மூன்றாவது. நேரம் ஒரு நிமிடம் முப்பத்தொன்று. கரையேறி வந்து என் வாட்சை எட்டிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இரண்டும் ஒன்றாக இருந்ததும் என் கன்னத்தில் ஈரக்கையால் தட்டினார். ஒன்றரை நிமிடத்தைத் தொடவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "அதனால என்ன, இது எங்கணக்கு" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் முட்டிவலி இல்லாமல் நன்றாக இருந்தார். பிறகு வயிற்றில் வலி வந்தது. அறிக்கை முதலில் என் கைக்குத்தான் வந்தது. கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. அப்பாவும் தம்பியும் அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்றார்கள். அவர்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன். அன்று மாலை அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை.

"வாட்ச்சுல என்ன இருக்கோ, அதச் சொல்லு."

சொன்னேன். மூன்று மாதம், நான்கு மாதம் என்றேன். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். பிறகு, போதும், வேலை இருக்கிறது என்று எழுந்தார்.

தெம்பு இருந்தவரை குளத்துக்குப் போனார். அந்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவுக்கு உங்கள் எல்லாரையும் வரச்சொல்லி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அத்தனை நேரம் ஏன் பேசினார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். விடைபெற்றுக்கொண்டிருந்தார். படுக்கையில் விழுந்தபின், மலர் போடுவீர்கள் அல்லவா, நன்றியை நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதியது அப்பா, வார்த்தைகள் அம்மாவுடையவை.

முகத்தைத் தண்ணிக்குள்ள வைக்கச் சொல்லிக் குடுத்த டீச்சருக்கு. முட்டிய அறுக்காம நீந்தச் சொன்ன டாக்டருக்கு. டீக்கடையில மணிக்கணக்காக் காத்துக் கெடந்த வீட்டுக்காரருக்கு. ரெண்டு தடவையும் வேனுல வந்து கை தட்டுன சொந்தபந்தத்துக்கு. ஆசுபத்திரிக்குச் சோறு கொண்டாந்த பக்கத்து வீட்டாளுகளுக்கு. எட்டிப் பாக்காமக் குதிச்சாலும் எனக்கு நீச்சல் பழக்குன பெரியண்ணனுக்கு. ஊரு விட்டு ஊரு தூக்கம் முழிச்சு வந்து போன மகனுக்கு.

இத்தோடு முடிந்தது என்று அப்பா பேனாவை மூடினார். அம்மா மூடவிடவில்லை. இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்றார். நான் மாத்திரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொதத் தடவ பொய் சொல்லி, ரெண்டாந்தடவ நெசத்தச் சொன்ன எம்புள்ளைக்கு."

அம்மா, கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன்.