அப்பாவின் மூக்கில் அத்தை

எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்னைச் சுற்றியிருப்பவர்கள் யாருக்கும் பிடிக்காது. நூற்றுக்கணக்கான குட்டிப் போட்டோக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, தள்ளி நின்று பார்த்தால் ஒரே பெரிய படமாகத் தெரியும்படி செய்வது. போட்டோ மொசைக் என்று பெயர். மொசைக் தரையில் சில்லு சில்லாகக் கல் பதிப்பார்களே, அது மாதிரி. கல்லுக்குப் பதில் போட்டோ. அடுக்குகிற வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போட்டோக்களைச் சேர்ப்பதும், வெட்டுவதும், இதுவும் ஒரு கலைதான் என்று மற்றவர்களை நம்பவைப்பதும் என் வேலை. கடைசி வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

முதலில், நாங்கள் சாப்பிட்ட இட்லி, தோசை, பொங்கல் படங்களை வைத்தே மலைக்கோட்டையைச் செய்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், "எந்த ஹோட்டல் சார்?" என்று கேட்டார். அடுத்து, என் மனைவி கோபமாக இருந்த படங்களை மட்டும் சேர்த்துக் காவிரிப் பாலம் செய்தேன். அதற்கான போட்டோக்களுக்குப் பஞ்சமே இல்லை. செய்து முடித்த பிறகு இன்னும் நிறைய கிடைத்தன.

இந்த நிலையில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். துறையூரில் இருக்கும் அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த அத்தை, பத்திரிகையில் தன் வீட்டுக்காரர் பெயர் கடைசி வரியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் துறையூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அப்பா நேரில் போய்க் கெஞ்சிக் கூத்தாடியதில், இந்தத் தடவை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனா போதும்டா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார் அப்பா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பயத்தில் இந்த முறை பத்திரிகையே அடிக்கவில்லை. எனக்குத்தான் அந்த அருமையான யோசனை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருடைய போட்டோவையும் வைத்து அப்பாவின் முகத்தை மொசைக்காகச் செய்து மண்டப வாசலில் வைத்தால் என்ன? அதில் முதல் வரி, கடைசி வரி என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் சமம். உலகத்தில் எனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

"வேண்டாங்க. பேசாம ஒரு பூச்செண்டு வெச்சுட்டுப் போயிடலாம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

திருவானைக்காவல் மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். உள்ளே நிஜ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குடம் குடமாகக் கலச நீர் ஊற்றினார்கள். வேட்டி மாற்றி, மாலையும் கழுத்துமாக வந்த பிறகும் அப்பாவுக்குத் தும்மல் நிற்கவில்லை.

வாசலில் கூட்டம் படத்தின் மேல் மூக்கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது. யாரும் தள்ளி நின்று அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: நான் எங்கே?

"நான் நெத்தியில இருக்கேன், விபூதிக்குப் பக்கத்துல!" என்று சித்தப்பா மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மீசையில் இருந்தவர்கள் தங்கள் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டை மாமா பல்லில் இருந்தார். ஆனால் ஓரத்துப் பல்லாம், முகம் சுருங்கிவிட்டது. முன்பல்லில் இருப்பது அவருடைய சம்பந்தி. சமம் என்று நான் நினைத்த இடத்தில் இவர்கள் முகத்துக்கே வரிசை போட்டுவிட்டார்கள்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். கடைசியில் கண்டுபிடித்தார். மூக்கு ஓட்டையில் இருந்தார். இரண்டு ஓட்டையிலும் இருந்தார்.

கேமராவைக் கண்டாலே இருட்டுக்குள் ஒதுங்குபவர் அத்தை. எனக்குக் கிடைத்ததே விளக்கில்லாத அறையில் யாரோ எடுத்த இரண்டு படங்கள்தான். கம்ப்யூட்டருக்கு அத்தை தெரியாது, மாமா தெரியாது. வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். இருட்டான படத்தை இருட்டான இடத்தில் வைத்துவிட்டது.

"ஏன்டா, நெத்தி இருக்கு, கன்னம் இருக்கு. என்னைக் கொண்டுபோய் மூக்கு ஓட்டையிலயா வெச்ச?"

"நான் வெக்கல அத்தை. கம்ப்யூட்டர்தான் வெச்சுச்சு."

"அன்னைக்கும் பிரஸ்காரன் வெச்சான்னுதான் உங்கப்பன் சொன்னான்."

"மூச்சு போற எடம் அத்தை. அது இல்லாம மனுஷன் ஏது?"

"சளியும் அந்த வழியாத்தான் வரும்."

அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இருந்த ஒரே ஆசையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தபோது, அந்தப் படத்தைக் கிழித்து எறியலாம் போலிருந்தது.

விஷயம் தெரிந்து அப்பா மாலையோடு ஓடிவந்தார். "அக்கா, போகாத. நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஒரு தும்மல், இன்னொரு தும்மல், மூன்றாவதாக ஒரு பிரம்மாண்டமான தும்மல். மூக்கு ஒழுகியது. துடைக்கத் துண்டைத் தேடினால், துண்டு மாலைக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

அத்தை யோசிக்கவே இல்லை. முந்தானையை இழுத்து, அப்பாவின் மூக்கை அதற்குள் பிடித்து, "சிந்துடா" என்றார்.

அறுபது வயது மாப்பிள்ளை, அத்தனை சம்பந்திகளுக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு சிந்தினார்.

"இன்னொரு தடவை. நல்லா."

இன்னொரு தடவையும் சிந்தினார்.

முதலில் சிரித்தது என் மனைவி. அத்தை அவளை முறைத்தார், என்னை முறைத்தார், படத்தில் அப்பாவின் மூக்கை முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்தது.

"எங்கம்மா காட்டு வேலைக்குப் போனா, இந்த மூக்குக்கு நான்தான்டா காவல். ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் இதே பொழப்புதான்" என்றார் என்னிடம். "கம்ப்யூட்டருக்கு யார்டா சொன்னது?"

பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, முதல் பந்தியில் உட்கார்ந்தார். அப்பா பரிமாறுகிறவரின் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கித் தானே ஊற்றினார். அத்தை ரசம் இரண்டு தடவை கேட்டார், பாயசம் மூன்று தடவை கேட்டார். அவர் இலையை மூடிவிட்டு எழுந்த பிறகுதான், காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்பாவுக்கு ஞாபகம் வந்தது.